லனாவோ ஏரியின் கெண்டைகள்

ஓர் ஏரியில் வாழும் மீன்களை எண்ணி, அளந்து, வகை பிரித்துப் பெயரிட்டு எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று மாணவர்களுள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடையாகப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள லனாவோ ஏரியின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மிண்டனாவோ என்னும் பெருந்தீவில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வேரி. இதன் பரப்பு சுமார் 340 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 112 மீட்டர் ஆழம் உண்டு. கரையில் வாழும் மரனாவோ மக்களின் பெயருக்கே 'ஏரி மக்கள்' என்பதுதான் பொருள். ஏரியின் நீர் ஆகுஸ் என்னும் ஆறாக வெளியேறி, வழியில் மரியா கிறிஸ்தினா அருவியாய் வீழ்ந்து, பின்னர்க் கடலை அடைகிறது. கீழேயுள்ள ஆற்று மீன்கள் அவ்வருவியைத் தாண்டி மேலேறுவது எளிதன்று. ஆதலின் ஏரி மீன்களுக்கு அது ஒரு தனி உலகமாகவே இருந்து வந்தது.

அவ்வுலகத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் ஹெர்ரே என்னும் அமெரிக்கர். பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் லைக்கன்களை ஆராய்ந்து பழகிய கண் அவருடையது. மணிலாவிலிருந்த அரசு அறிவியல் நிலையத்தில் மீன்வளப் பிரிவின் தலைவராகப் பணியாற்றிய அவர், 1924ஆம் ஆண்டில் லனாவோ மீன்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மனலாக், தும்பா, லிண்டோக், பலாதா என்று மரனாவோ மீனவர்கள் வழங்கிய பெயர்களையே பல இனங்களுக்கு அறிவியற் பெயராக அவர் சூட்டினார். நூலறிவு வருவதற்கு முன்பே, வலை வீசியவர்கள் அம்மீன்களை இனம் பிரித்து அறிந்திருந்தார்கள் என்பதை இது காட்டுகிறது அல்லவா?

இம்மீன்கள் யாவும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை; நம் குளத்துக் கெண்டைகளுக்கு உறவினர் என்றே கூறலாம். இக்குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டையிலுள்ள பற்களே இரையை அரைக்கின்றன. அவ்வாறிருக்க, லனாவோவில் வாயின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு வேறுபட்டிருந்தது. ஒன்றின் கீழ்த்தாடை மேல்தாடையைக் கடந்து முன்னே நீண்டிருந்தது. மற்றொன்றின் உதடு தடித்திருந்தது. வேறொன்று 'இறால் உண்பது' என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. இத்தகைய வேறுபாடுகளைக் கண்ட ஹெர்ரே, நான்கு புதிய பேரினங்களையே வகுத்தார்.

இத்தனை இனங்களும் எங்கிருந்து தோன்றின? 1933இல் எழுதிய கட்டுரையில் அவர் இதனைப் பரிணாமத்தின் ஒரு புதிராகவே முன்வைத்தார். தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் பரவலாகக் காணப்படும் பார்போடஸ் பைனோடேட்டஸ் என்னும் புள்ளிக் கெண்டையைப் போன்ற ஒரே மூதாதையிடமிருந்து அனைத்தும் கிளைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1960இல் ஜார்ஜ் மையர்ஸ் என்னும் அறிஞர் இப்புதிரை மீண்டும் ஆராய்ந்தார். இம்மாற்றம் மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்தது என்பாரும், ஏரி அதனினும் மிகப் பழமையானது என்பாரும், இனங்களின் எண்ணிக்கையே மிகை என்று ஐயுறுவாரும் இருந்தனர்.

இத்தகைய வழக்கைத் தீர்க்க இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று, பெயரிட்டபோது சேமித்த மூலமாதிரி. மற்றொன்று, ஏரியில் வாழும் மீன். ஐயம் எழும்போதெல்லாம் ஆய்வாளர் திரும்பிச் சென்று ஒப்பிட்டுப் பார்ப்பது மூலமாதிரியைத்தான். மணிலாவில் ஹெர்ரே சேமித்து வைத்திருந்த தொகுப்போ, 1945ஆம் ஆண்டில் அந்நகரில் நிகழ்ந்த கடும் போரில் அழிந்தது.

எஞ்சிய சான்று ஏரியில் இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்து புகுந்த மீன்கள் அங்கே பெருகின. அவற்றுள் நம் நாட்டில் உளுவை என வழங்கும் வகையைச் சேர்ந்த மீனும் ஒன்று. கொன்றுண்ணும் மீன்களை அறியாது வாழ்ந்த கெண்டைகள் அவற்றுக்கு இரையாயின. அளவுக்கு மிஞ்சிப் பிடித்தலும், அழிவு விளைக்கும் மீன்பிடி முறைகளும் அத்துடன் சேர்ந்தன. அடுத்தடுத்த ஆய்வுகளில் வலையில் அகப்பட்ட இனங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில், அவ்வேரிக்கும் அதன் ஆற்றுக்குமே உரிய 17 கெண்டை இனங்களில் 15 அற்றுப்போயின என்று அறிவித்தது. மற்ற இரண்டும் அற்றுப்போயிருக்கலாம் என்பதே அதன் கணிப்பு.

மரபணுவைப் படித்து உறவுமுறையை அறியும் நுட்பம் இன்று நம் கையில் இருக்கிறது. ஹெர்ரேயின் புதிரை விடுவிக்க அது பெரிதும் உதவியிருக்கும். கருவி வந்து சேர்ந்தபோது மீன்கள் இல்லை. அவர் அளந்து எழுதிய பக்கங்களும், அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் சில புட்டிகளுமே மிஞ்சியுள்ளன. அப்பக்கங்களும் இல்லாதிருந்தால், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திராது. வகைப்பாட்டின் பயன் யாது என்ற கேள்விக்கு லனாவோ தரும் விடை இதுவே.

ஆயினும் ஏட்டிலுள்ள பெயர் நீரிலுள்ள மீனுக்கு ஈடாகாது. மாணவர்களே, உங்கள் ஊர்க் குளத்தில் எத்தனை வகைக் கெண்டைகள் உள்ளன, அவற்றை வலை வீசுவோர் எப்பெயர்களால் அழைக்கின்றனர் என்று கேட்டு, தேதியுடன் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே குளத்திற்குச் சென்று அக்குறிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.