கடலூர்க் கரையில் ஒரு தென்கடல் மாலுமி

கேப்டன் ஸ்காட் அண்டார்டிகாக் குடிலில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதும் படம் உலகப் புகழ் பெற்றது. 1911 அக்டோபரில் ஹெர்பர்ட் பான்டிங் எடுத்தது. மேசை நிறையப் புத்தகங்கள், பின்சுவரில் மனைவி, மகன் படங்கள். இந்த மாதிரி உருவப்படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஜிக்சா புதிராக்கினால், பெட்டியின் மேல் இருக்கும் படம்தான் எல்லாத் துண்டுக்கும் நீதிபதி. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி இந்த விளையாட்டுக்கு வழிகாட்டியபோது வெட்டியது முகங்களை அல்ல, நாடுகளை. வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, எல்லைக்கோட்டின் மேலேயே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்தார். வரைபடத்தில் ஒரு நாடு தொலைந்தால் ஓட்டை உடனே தெரியும். உருவப்படத்தில் அப்படி இல்லை. படச்சட்டத்துக்கு வெளியே நின்றதை யாரும் தேடுவதே கிடையாது. துருவப் பயணி என்றதும் பனி, தனிமை, வீரம் என்று நாம் பழகிவிட்ட படத்துக்கு வெளியே நிற்பது வணிகக் கம்பெனி. அதைப் பார்க்கக் கடலூரைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆள் ழான் பாப்டிஸ்ட் ஷார்ல் புவே தெ லோசியே. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே தங்கித் தண்ணீர் பிடிக்க ஒரு துறைமுகம் கிடைக்குமா என்று பார்க்க, 1738-இல் ஏக்ள், மரீ என்ற இரு கப்பல்களோடு லோரியானிலிருந்து கம்பெனி அவரை அனுப்பியது. 1739 ஜனவரி 1 அன்று, 54 பாகைத் தென் அட்சத்தில், மூடுபனிக்கு நடுவே பனி போர்த்திய ஒரு நிலமுனை தெரிந்தது. பல நாள் சுற்றியும் கரையில் கால் வைக்க முடியவில்லை. தென் கண்டத்தின் முனை என்று நம்பினார். உண்மையில் அது ஒரு தனித்தீவு. கடலில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்க அந்தக் காலத்தில் வழியில்லாததால் அவர் குறித்த இடம் பல பாகை பிசகியது. பின்னால் ஆங்கிலக் கடற்பயணி குக் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. 1898-இல் வந்த வால்டிவியா என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல்தான் இருப்பிடத்தைத் தீர்மானித்தது. இன்று அது புவே தீவு.

54 பாகை துருவமா என்று கேட்கலாம். துருவ வட்டக் கோட்டை வைத்து அளந்தால் இல்லைதான். ஆனால் தட்டையான மேற்பரப்புள்ள பெரும் பனிமலைகளை விவரித்து எழுதிய முதல் மாலுமிகளில் அவர் ஒருவர். அண்டார்டிகாத் தேடலின் வரலாறுகள் அவரை விட்டுவிட்டுத் தொடங்குவதில்லை. விட்டுவிடுவது அவருடைய அடுத்த பத்தாண்டுகளைத்தான்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், கோரமண்டலத்தில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை ஆனது. 1748 ஜூனில் அதன் எதிரே அட்மிரல் கிரிஃபின் கப்பற்படை நங்கூரமிட்டிருந்தது. தெற்கே அடிவானத்தில் பாய்கள் தெரிந்தன. வந்தது புவே, பனிக்கடலில் துறைமுகம் தேடிய அதே ஆள், அதே கம்பெனி. சண்டைக்கு வருபவர்போல் போக்குக் காட்டிவிட்டு, இருட்டியதும் வடக்கே திரும்பிச் சென்னைக்குப் போய்விட்டார். அங்கே 400 படைவீரர்களையும் இரண்டு லட்சம் பவுன் மதிப்புள்ள வெள்ளியையும் இறக்கினார் என்பது வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மே தரும் கணக்கு. கிரிஃபின் பின்தொடர்ந்து போவதற்குள் புவே மொரிஷியஸ் பக்கம் திரும்பியிருந்தார்.

கப்பற்படை நகர்ந்த நேரம் பார்த்துப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே கடலூர்மேல் படை அனுப்பினார். வண்டிப்பாளையம் பக்கத்து மேட்டில் பிரெஞ்சுப் படை இறங்கியது. ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ஊர்க் காவலையும் பீரங்கிகளையும் கோட்டைக்கு அப்புறப்படுத்தினார். இருட்டியதும் கூடுதல் ஆட்களோடு திருப்பிக் கொண்டுவந்தார். நள்ளிரவில் காலி மதில் என்று நம்பி ஏணி சாத்தியவர்கள்மேல் குண்டுமழை பொழிந்தது. சில நாள் இடைவெளியில் ஒரே கரையில் இரண்டு போக்குக் காட்டல்கள், ஒன்று கடலில், ஒன்று மதிலில். புவே வந்தது கடலூரைப் பிடிக்க அல்ல என்பது சரி. ஆனால் அவர் வராமல் கிரிஃபின் நகர்ந்திருக்க மாட்டார். கிரிஃபின் நகராமல் தூப்ளே துணிந்திருக்க மாட்டார்.

தென்கடல் பயணமும் கடலூர்ச் சம்பவமும் தனித்தனிக் கதைகள், பொதுவாக இருப்பது ஒரு பெயர் மட்டுமே என்று ஒருவர் வாதிடலாம். பெயரை நம்பித் துண்டு சேர்ப்பது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன்: 1782-இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பற்படையிலும் புவே என்றொரு கப்பல் தலைவர் உண்டு, அவர் வேறு ஆள். தேதிகளும் ஏமாற்றும். ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்ததால், அவர்கள் ஏட்டில் கடலூர்த் தாக்குதல் ஜூன் 17, பிரெஞ்சு ஏட்டில் அதற்கு 11 நாள் பிந்தி. கவனிக்காமல் அடுக்கினால் ஒரு சண்டை இரண்டாகிவிடும். இங்கே இணைப்பைத் தருவது பெயரோ தேதியோ அல்ல, வேலை. கம்பெனிக் கப்பலைப் பத்திரமாகப் புதுச்சேரி வரை சேர்ப்பதற்குத்தான் தெற்கே துறைமுகம் தேடினார். அதே வேலையாகத்தான் கடலூரைக் கடந்து வெள்ளியைக் கொண்டுசேர்த்தார். பனிப் பிரதேசத்தில் அவருக்குக் கிடைக்காததும் இந்தக் கரையில் கிடைத்ததும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவு செலவு.

கிரிஃபினைக் கோழை என்று எழுதிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1750-இல் கடற்படை விசாரணை மன்றம் அவரை அசட்டைக்காகப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. ஆனால் இந்தக் கரையில் காற்றுதான் தளபதி. 1749 ஏப்ரலில், சிதம்பரம் வட்டாரம் வழியாகத் தேவிக்கோட்டைக்குக் கிளம்பிய ஆங்கிலப் படை கூடாரங்களைப் புயலில் பறிகொடுத்துப் பரங்கிப்பேட்டையில் ஒதுங்கியது. அதே புயலில் நாமூர் என்ற பெரிய போர்க்கப்பல் கரைக்கு அருகிலேயே மூழ்கி 500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கிரிஃபின் பதவி இழந்த கதை இப்படி; புவேயோ கம்பெனி தயவில் போர்போன் தீவின் ஆளுநரானார்.