குழந்தைகளின் தாடையில் ஜயன்ட் செல் கிரானுலோமா

தாடை எலும்புக்குள் வளரும் ஜயன்ட் செல் கிரானுலோமா புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனாலும் சில குழந்தைகளுக்கு எலும்பை அரித்து, பல் வேர்களைக் கரைத்து, முகத்தையே கோணலாக்கிவிடும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையிலும், ஆண்களைவிடப் பெண்களிடத்திலும் அதிகம். 1953இல் நோய்க்கூறியல் மருத்துவர் ஹென்றி ஜாஃபி இதை எலும்பு தன்னைச் சீர்செய்துகொள்ளும் முயற்சியாகக் கருதினார். விரைந்து வளரும் கட்டிகளுக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை; 2018இல் இக்கட்டிகளில் மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டபின் அது மேலும் வலுவிழந்தது.

வலி, வேகமான வளர்ச்சி, 5 செ.மீ.க்கு மேற்பட்ட அளவு, எலும்பின் புறச்சுவர் உடைதல், வேர்க் கரைவு, அகற்றியபின் மீண்டும் வருதல் ஆகியவை முரட்டு வகையின் அடையாளங்கள்.

சிகிச்சைக்கு முன் ரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் பார்த்தாக வேண்டும். அந்த ஹார்மோன் மிகுவதால் தோன்றும் பழுப்புக் கட்டி நுண்ணோக்கியில் இதைப் போலவே இருக்கும். அதற்கு மருத்துவம் செய்ய வேண்டிய இடம் பெரும்பாலும் தாடையல்ல, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. இதே நுண்ணோக்கித் தோற்றத்துடன் இருபுறமும் தாடை வீங்கும் செருபிசம் பருவமடைந்தபின் பெரும்பாலும் தானே அடங்கும் என்பதால், அதற்கும் அவசரக் கத்தி கூடாது.

சாதுவான கட்டியைச் சுரண்டி எடுத்தாலே போதும். முரட்டுக் கட்டி சுரண்டியபின் அடிக்கடி திரும்பி வரும். சுற்றியுள்ள எலும்போடு வெட்டியெடுத்தால் திரும்புவது குறைவு. ஆனால் முளைக்காத நிரந்தரப் பற்களும், உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பும், தாடையின் வளர்ச்சியும் அதற்கு விலையாகலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது மிகப் பெரிய விலை.

பாஸ்டனில் தாடை அறுவை மருத்துவர் லியனார்ட் கபானும், கட்டிகளின் ரத்தக்குழாய் வளர்ச்சியை ஆராய்ந்த ஜூடா ஃபோக்மனும் மாற்றுவழி தேடினர். திரும்பத் திரும்ப வளர்ந்த கீழ்த்தாடைக் கட்டியை, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசியால் கட்டுப்படுத்திய சிறுமியைப் பற்றி 1999இல் எழுதினர். பல்லையும் நரம்பையும் காத்துக் கட்டியை மட்டும் எடுப்பது, பிறகு மாதக்கணக்கில் ஊசி என்ற முறை இதிலிருந்து உருவானது. காய்ச்சல், சோர்வு, வெள்ளணுக் குறைவு அந்த ஊசியின் தொல்லைகள்.

கட்டிக்குள் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்துவது, கால்சிடோனின் ஹார்மோனைத் தருவது ஆகியவற்றின் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பரிக்கும் செல்களை முடக்கும் டெனோசுமாப் என்ற மருந்து கட்டியை வேகமாக இறுகச் செய்யும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு அதை நிறுத்திய சில மாதங்களில் அடக்கிவைத்த எலும்பரிப்பு மீண்டும் பெருகி, ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்து, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், கட்டியும் திரும்பலாம். ஆகவே கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதங்கள் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும்.