தேரும் மோட்டார் வண்டியும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பந்தல்குடி. கரிசலும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த மானாவாரிப் பூமி. கண்மாய் நிறைந்தால் வாழ்வு. நிறையாவிட்டால் வானத்தை நோக்கியிருத்தல். இத்தகைய சீமையில் தருமம் என்றால் தண்ணீர்ப் பந்தல், ஊருணி, பள்ளிக்கூடம் என்றே மக்கள் எண்ணுவர். ஒருவர் தாம் ஏறிச் சென்ற சொகுசு மோட்டார் வண்டியை ஏழைகளுக்கென்று தானம் செய்தார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் சொன்னால், “அதை வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வான்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டு வரலாற்றில் அதற்கு விடையும் உண்டு.

1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பம்பாய் நகரிலே கத்தோலிக்கத் திருச்சபையின் 38ஆவது உலக நற்கருணை மாநாடு நடைபெற்றது. அதற்கென ஆறாம் பவுல் போப்பாண்டவர் வந்திருந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் போப்பாண்டவர் அவரே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், நவம்பர் 13ஆம் நாள், தம் மணிமுடியை ஏழைகளுக்கென உரோமாபுரிப் பேராலயத்தின் பீடத்தில் வைத்துவிட்டவர் அவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். பம்பாயில் அவர் பவனி வருவதற்கென ஒரு வெண்ணிற லிங்கன் காண்டினென்டல் வண்டி இருந்தது. அமெரிக்க மக்கள் அவருக்கு அளித்த அன்பளிப்பு அது. நாடு திரும்பும் வேளையில் அவ்வண்டியைக் கல்கத்தாவில் தொண்டாற்றி வந்த அன்னை தெரேசாவிடம் கொடுத்துவிட்டுச் சென்றார்.

அன்னை தெரேசாவை அந்நாளில் உலகம் அவ்வளவாக அறியாது. நோபல் பரிசு வந்தது 1979இல் அன்றோ! 1950இல் அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் கல்கத்தாச் சேரிகளுக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே சென்று வந்தனர். 8 சிலிண்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றவும், ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கவும், உதிரிப் பாகங்களை அமெரிக்காவிலிருந்து தருவிக்கவும் அவர்களால் இயலுமா? வண்டியாகவே வைத்துக்கொண்டிருந்தால் அக்கொடை அவர்களுக்கு ஒரு பாரமாகவே முடிந்திருக்கும். அன்னை அதில் ஒரு முறையேனும் ஏறிச் செல்லவில்லை என்பர். அவர் அதனைக் குலுக்குச் சீட்டுக்கு விட்டார்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. அக்காலத்தில் வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்றைத்தான் நம் சாலைகளிற் பெரும்பாலும் காணலாம். ஆகவே லிங்கன் வண்டி அமெரிக்காவில் பெறும் விலையை விட இங்கே அதன் மதிப்பு மிகுதி; போப்பாண்டவர் ஏறிய வண்டி என்ற பெருமை வேறு. ஒரே செல்வருக்கு விற்றிருந்தால் ஒருவர் பணமே கிடைத்திருக்கும். சீட்டு என்றதும் பலர் பணம் போட்டனர்; சில இலட்சம் ரூபாய் சேர்ந்தது. 1934இல் அரிசன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றிய காந்தியடிகள், தமக்கு வந்த அன்பளிப்புகளை மேடையிலேயே ஏலம் விட்டதும் இந்த வழிதான். ஆயினும் ஏலத்துக்கும் சீட்டுக்கும் வேறுபாடு உண்டு. சீட்டில் ஆசையும் கலந்திருக்கிறது. கேரளம் 1967இலும் தமிழ்நாடு 1968இலும் அரசுப் பரிசுச் சீட்டைத் தொடங்கின. அது குடும்பங்களைக் கெடுக்கிறது என்று தமிழ்நாட்டில் 2003இல் தடைசெய்யப்பட்டது. எனவே அன்னை கையாண்ட முறையை எல்லாவிடத்தும் பின்பற்றலாம் என்று நான் கூறமாட்டேன். பணம் எங்கே சென்றது என்பதைக் கொண்டே அதனை மதிக்கிறேன்.

அது சாந்தி நகருக்குச் சென்றது. வங்காளத்தில் அசன்சோலுக்கு அருகே அரசாங்கம் அளித்த நிலத்தில் எழுந்த தொழுநோயாளர் குடியிருப்பு அது. மாணவர்களே, அந்நாளில் தொழுநோய் என்றால் என்ன பொருள் என்பதை நீங்கள் அறிதல் வேண்டும். ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2016இல்தான்! 1940களின் பிற்பகுதியிலேயே டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது. மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் வித்தையை நம் வேலூரில் பால் பிராண்டு என்னும் மருத்துவர் வளர்த்திருந்தார். நோய்க்கு மருந்து கிடைத்தது. ஆனால் குணமானவனுக்கு வீடு கிடைக்கவில்லை. பெற்ற ஊரே சேர்க்க மறுத்தது. மருத்துவமனையைக் காட்டிலும் ஒரு கிராமமே அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. சாந்தி நகர் அத்தகைய கிராமம். குளங்கள் வெட்டி மீன் வளர்த்தார்கள், மரங்கள் நட்டார்கள், நோயுற்றவர்களே செங்கல் அறுத்துத் தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்குப் பாரியின் நினைவு வந்தது. அவனது பறம்பு மலை எங்களுக்கு வடக்கே, சிவகங்கைச் சீமையில் பிரான்மலை என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. முல்லைக்கொடி தேரில் ஏறிப் பயணம் செய்யாது. அதற்கு வேண்டியது படர ஒரு கொழுகொம்பு. மரக்கிளை ஒன்றை நட்டிருந்தாலே போதுமே என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நானும் அதனை மறுப்பதில்லை. ஆனால் பாரியின் தேர் ஒரு கொடிக்குப் பந்தலாகியதோடு நின்றது. லிங்கன் வண்டியோ கைமாறி, காசாகி, செங்கல்லாகி, கூரையாயிற்று. கொடுத்தவரைப் போலவே பெற்றவரும் யோசித்திருக்கிறார்.

2017 நவம்பரில் இத்தாலிய நிறுவனமொன்று பிரான்சிஸ் போப்பாண்டவருக்கு ஒரு லம்போர்கினி வண்டியை வழங்கியது. அவர் அதன்மேல் கையெழுத்திட்டு ஏலத்துக்கு அனுப்பிவிட்டார். 2018 மே மாதத்தில் மொனாக்கோவில் அது ஏறக்குறைய 7 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. அத்தொகையில் ஒரு பங்கு ஈராக்கின் நினிவே சமவெளியில் போரால் இடிந்த வீடுகளை மீண்டும் கட்டுவதற்கென ஒதுக்கப்பட்டது.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கென்று இன்னொரு செய்தியும் உண்டு. கல்கத்தாவை அடுத்த திட்டாகரில் அதே சபையினர் நடத்திய மற்றொரு தொழுநோயாளர் குடியிருப்பில் தறிகள் போடப்பட்டன. சகோதரிகள் உடுத்தும் நீலக்கரை வெண்புடைவைகளை அங்குள்ளவர்களே, விரல் குறைந்த கைகளாலும், நெய்து கொடுத்தார்கள்.