ஐரோப்பிய கேமில் நம்ம ஊரு பஸ்! 'மோட்' போடுவது எப்படி? எதில் உஷார் தேவை?

தேன்கனிக்கோட்டை - அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறி இறங்குற மாதிரி ஒரு பஸ்ஸை, கம்ப்யூட்டர் கேமில் ஜெர்மனி சாலையில் ஓட்டுறாங்க நம்ம பசங்க. 2012-ல் வெளியான 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' கேமில் இந்திய பஸ் எதுவும் கிடையாது. 1980 முதல் ஓசூரில் ஆலை நடத்தும் அசோக் லேலண்டின் வண்டிகளைக்கூட அதில் சேர்த்தது ரசிகர்கள்தான். இதற்குப் பெயர்தான் 'மோட்'.

மோட் என்றால் என்ன?

ஒரு கேமில் வண்டி, வரைபடம், சத்தம் போன்றவற்றை ரசிகர்களே மாற்றுவது. உலகப் புகழ்பெற்ற 'கவுண்டர் ஸ்டிரைக்' கேமும் 1999-ல் 'ஹாஃப் லைஃப்' கேமுக்கான மோடாகத்தான் பிறந்தது.

எப்படிப் போடுவது?

* ஸ்டீமில் கேம் வாங்கியிருந்தால், அதன் 'ஒர்க்‌ஷாப்' பக்கத்தில் 'சப்ஸ்கிரைப்' கொடுத்தாலே போதும்.
* வெளியே டவுன்லோட் செய்த மோட் என்றால், 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே இருக்கும் கேம் ஃபோல்டரைத் திறந்து, 'மோட்' ஃபோல்டரில் அந்த '.எஸ்சிஎஸ்' ஃபைலைப் போடணும்.
* பிறகு கேமின் 'மோட் மேனேஜர்' பகுதியில் அதை ஆன் செய்யணும்.
* மோடும் கேமும் ஒரே வெர்ஷனுக்குப் பொருந்தணும். இல்லைன்னா கேம் பாதியில் நின்றுவிடலாம். அதனால் முதலில் சேவ் ஃபைலை காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

எங்கே ஆபத்து?

2023 ஜூனில் 'மைன்கிராஃப்ட்' மோட்கள் சிலவற்றில் 'ஃபிராக்சரைசர்' என்ற வைரஸ் கலந்தது. பிரவுசரில் சேமித்த லாகின் விவரங்களைத் திருடுவதே அதன் வேலை. அதுவும் பலரும் நம்பிய 'கர்ஸ்ஃபோர்ஜ்' தளத்திலேயே நடந்தது. வீட்டில் பேங்க் கணக்கு பார்ப்பதும் அதே கம்ப்யூட்டர் என்றால், நஷ்டம் கேமோடு நிற்காது.

டிரக் கேமுக்கான மோட் என்று சொல்லி '.இஎக்ஸ்இ' ஃபைல் வந்தால் திறக்காதீங்க. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று சொன்னால், அந்த மோடே வேண்டாம்.

நாமே உருவாக்கலாமா?

தாராளமா! முதலில் பஸ்ஸின் பெயின்ட்டை மட்டும் மாற்றிப் பழகுங்க. இலவச 'கிம்ப்' மென்பொருளே போதும். கை பழகியதும், இன்னொரு இலவச மென்பொருளான 'பிளெண்டரில்' முழு வண்டியையும் வடிவமைக்கலாம். அடுத்தவர் செய்த மோடை எடுத்து மாற்றினால், அவரிடம் அனுமதி கேட்ட பிறகே வெளியிடுங்க.