பாப் கலை: கொங்கு வட்டாரத் தொடக்கப் பள்ளி ஓவியப் பாடம்

கடைச்சரக்கு, விளம்பரம், சித்திரக்கதை, சினிமா முகம் என்று அன்றாடம் கண்ணில் படும் படங்களையே ஓவியத்தின் கருவாக எடுத்துக்கொண்ட 20ஆம் நூற்றாண்டுக் கலை இயக்கம் பாப் கலை. 1950களில் இங்கிலாந்தில் முளைவிட்டது. 1960களில் அமெரிக்காவில் பெருகியது. தடித்த கோடு, கலப்பில்லாத பளிச்சென்ற நிறம், ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குவது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு இவை எளிதில் எட்டுவதால், பல நாடுகளின் தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்புகளில் இதை விரும்பிக் கற்பிக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கமான பாடம். பாப் கலைஞர்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்த திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்), இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில்.

தோற்றம்

1956இல் லண்டன் ஒயிட்சேப்பல் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்காக, ரிச்சர்ட் ஹாமில்டன் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி ஒரு சிறு படம் செய்தார். பாப் கலையின் தொடக்கமாகப் பெரும்பாலும் அதையே காட்டுவார்கள். 1962இல் ஆன்டி வார்ஹால் கேம்பெல் நிறுவனத்தின் சூப் டப்பாக்களை, சுவைக்கு ஒன்றாக 32 ஓவியங்களில் வரைந்து லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் அவர் திரை அச்சுக்கு மாறினார். ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்ததும், அவருடைய ஒரே புகைப்படத்தை 25 முறை வண்ணத்திலும் 25 முறை கறுப்பு வெள்ளையிலும் அச்சிட்டு இரட்டைப் பலகையாக வைத்தார். ராய் லிச்டென்ஸ்டைன் சித்திரக்கதைக் கட்டங்களை, மலிவு அச்சின் புள்ளிகள் உட்பட, சுவரளவுக்குப் பெரிதாக்கினார்.

இந்தியாவில் பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் (1934–2003), 1960களில் கடைவீதிச் சாமி படங்களை ஒட்டுப்படங்களுக்குள் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் இயக்கம் எதுவும் வேரூன்றவில்லை. ஆனால் அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் இங்கே கொட்டிக் கிடந்தது: சிவகாசிக் காலண்டர், தீப்பெட்டி லேபிள், 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், தியேட்டர் வாசலில் நின்ற சினிமா பேனர். கோவையில் பேனர் வரைந்த ஓவியர் ஜீவா சினிமா பற்றித் தமிழில் எழுதவும் செய்தார். ‘திரைச்சீலை’ அவருடைய நூல்.

திருப்பூர் பட்டறை

பனியன் துணியில் படம் ஏறும் விதத்தைப் பார்த்த பிள்ளைக்கு வார்ஹாலை விளக்கத் தனிப்பாடம் வேண்டாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் ஒளிபட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவிக் காயவைக்கிறார்கள். படம் அச்சிட்ட ஃபிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்புக்குக் கீழே உள்ள பூச்சு மட்டும் இறுகாமல் நிற்கும். தண்ணீர் அடித்தால் அது கரைந்து ஓடி, படத்தின் வடிவில் வலைக்கண் திறந்துகொள்ளும். இதுதான் ஸ்கிரீன். நீண்ட மேசையில் துணித் துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஸ்கிரீனைத் துணிமேல் வைத்து, ரப்பர் கட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறப் படம் என்றால் ஒவ்வொரு துண்டும் மூன்று ஸ்கிரீன் காண வேண்டும்.

இரண்டாம் நிறம் நூலளவு தள்ளி விழுந்தால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். பட்டறையில் அது ரிஜெக்ட். வார்ஹாலோ அந்தப் பிசகை அப்படியே விட்டுவைத்தார். மர்லினின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்பது அதனால்தான். கோட்டைத் தாண்டி வண்ணம் தீட்டிவிட்டோமே என்று கூசும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி பெரிய தைரியம் தரும்.

செய்முறை

இரண்டு பாடவேளை போதும். ஏ4 தாளை நான்காக மடித்துப் பிரித்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். வரைவதற்கு வீட்டிலோ தெருவிலோ உள்ள பொருள் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோவை கிரைண்டர், பொள்ளாச்சி இளநீர், டவுன் பஸ், ஈரோட்டுச் சக்தி மசாலா பொட்டலம், தள்ளுவண்டிக் காளான் தட்டு எதுவானாலும் சரி. கிரைண்டர் மிகத் தோதானது: ஓர் உருளை, மேலே ஒரு நீள்வட்டம், உள்ளே கல், அவ்வளவுதான். முதல் கட்டத்தில் வரைந்ததைக் கார்பன் தாள் வைத்து மற்ற மூன்றிலும் படியெடுக்கலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஆசிரியர் வெட்டிக் கொடுத்தால் அச்சுத்தகடாகவே பயன்படும். பிறகு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோட்டைத் தடிப்பாக்க வேண்டும்.

வண்ணத்துக்கு ஒரே விதிதான். கட்டத்துக்கு மூன்று நிறம். ஒரு கட்டத்தின் சேர்க்கை இன்னொன்றில் வரக்கூடாது. “ஏனுங்க டீச்சர், ஊதாக் கலர்ல கிரைண்டர் இருக்குங்களா?” என்று யாராவது கேட்பார்கள். வார்ஹாலின் மர்லின் படத்தைக் காட்ட வேண்டிய இடம் அது. அதற்கு முன்னால் காட்டினால் பிள்ளைகள் அதையே பார்த்து வரைவார்கள்.

பின்புலத்தில் ரப்பர் வைத்த பென்சிலின் பின்முனையைப் போஸ்டர் கலரில் தொட்டு ஒற்றினால் லிச்டென்ஸ்டைன் புள்ளிகள் வந்துவிடும். புள்ளிக்குப் பதில் பவானி ஜமக்காளத்தின் பட்டைகளும் அழகாக இருக்கும். கடைசியாக ஒரு முள்முள்ளான குமிழி வரைந்து அதற்குள் சத்தத்தை எழுத வேண்டும்: கிரைண்டருக்குக் ‘கடகட’, தறிக்கு ‘டக்கு டக்கு’, பஸ்ஸுக்குப் ‘பாம் பாம்’. எழுத்தும் படமாகிவிடுவதால், எழுதத் தயங்கும் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் பேனாவை எடுப்பார்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பேச்சையும் சேர்க்கலாம். பொட்டலத்துக்கு ஏன் இந்த நிறம், எழுத்து ஏன் இவ்வளவு பெரிது, இதைப் பார்த்ததும் வாங்கத் தோன்றுகிறதா என்று கேட்டால் போதும். விளம்பரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கும். பாப் கலையைக் கற்பிப்பதில் பாதிப் பயன் இதில்தான் இருக்கிறது. கேம்பெல் டப்பாவை அச்சடித்துக் கொடுத்து நிறம் தீட்டச் சொல்லும் வகுப்பில் இந்தப் பயன் கிடைக்காது. நம் பிள்ளை பார்த்தும் சாப்பிட்டும் இராத சூப் அது.

பள்ளிகளின் நிலை

2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கானவர்கள். தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியரே ஓவியமும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழிக் கற்றலுக்கு இடம் தருவதால், மேற்கண்ட பாடத்தை அதற்குள் எளிதாக நுழைக்கலாம்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்து ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை ஒரு பிரிண்டிங் பட்டறைக்கு அழைத்துப் போகலாம். ரசாயன மையையும் பூச்சையும் பிள்ளைகள் தொடக்கூடாது, பார்த்தாலே போதும். பெற்றோரில் ஒருவர் அந்த வேலை செய்பவராக இருந்தால், மறுநாள் வகுப்புக்கு வந்து விளக்கும்படி அவரையே கேளுங்கள்.