பேச்சு, பெயர், மறுப்பு: பிராங்கன்ஸ்டைனின் இரண்டாம் பாகம்

ஒரு படம் ஓடிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எதற்காக எடுக்கிறார்கள்? துட்டுக்காகத்தான். யூனிவர்சல் நிறுவனமும் அதற்காகத்தான் எடுத்தது. ஆனால் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘பிராங்கன்ஸ்டைன்’ (1931), ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ (1935) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு, பின்னது முன்னதை விசாரணைக்கு உட்படுத்துவது தெரியும். இரண்டாவதே மேலான படம் என்று விமர்சகர்கள் பலரும் சொல்லியாயிற்று. பிரான்ஸ் வாக்ஸ்மனின் இசையைச் சொல்வார்கள் (முதல் படத்தில் பின்னணி இசை அநேகமாகக் கிடையாது), ஒளியமைப்பைச் சொல்வார்கள். எல்லாம் சரி. முதல் படம் யார் யாருடைய வாயை அடைத்தது, இரண்டாவது அதில் எவ்வளவைத் திறந்தது என்பதே நம் கேள்வி.

மேரி ஷெல்லியின் நாவல் 1818இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. அதில் விக்டர் பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய பிறவி, ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்து மொழி கற்கிறது, மில்டனைப் படிக்கிறது, தன்னைப் படைத்தவனிடமே நியாயம் கேட்கிறது. துயரம்தான் தன்னைக் கொடியதாக்கியது என்பதே அதன் வாதம். 1931ஆம் வருடப் படம் இந்த வாதத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. அங்கே பிறவிக்குப் பேச்சில்லை, உறுமல்தான். போதாததற்கு, அதன் மண்டைக்குள் வைக்கப்பட்டது ஒரு குற்றவாளியின் மூளை என்றொரு சமாதானம். ஆக, வன்முறைக்குக் காரணம் சமூகம் அல்ல, உடம்பு. ‘பிறவிக் குற்றவாளி’ என்று முத்திரை குத்திய லொம்பரோசோ வகைக் குற்றவியல்தான் இது. படத்தின் தலைப்பு அட்டையில் நாவலாசிரியரின் பெயர் ‘திருமதி பெர்சி பி. ஷெல்லி’, பிறவியாக நடித்த போரிஸ் கார்லோஃபின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

இரண்டாவது படம் மேரியிலிருந்தே தொடங்குகிறது. பைரனும் பெர்சி ஷெல்லியும் உடனிருக்க, கதை இன்னும் முடியவில்லை என்கிறார் அவர். தலைப்பு அட்டையிலும் இம்முறை கணவர் பெயர் இல்லை. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லி என்று, பெண்ணுரிமைக்காக எழுதிய தாயின் பெயரோடு சேர்ந்த அவருடைய பெயரே இருக்கிறது.

அடுத்து, குடிசையில் தனியே வாழும் கண் தெரியாத பெரியவர். பார்வை என்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. அதனால் வந்திருப்பது அரக்கன் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரொட்டி, மது, நண்பன், நல்லது, கெட்டது என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொடுக்கிறார். துப்பாக்கியோடு இரண்டு பேர் வருகிறார்கள், பார்க்கிறார்கள், எல்லாம் முடிந்துபோகிறது. பிறவி பேசுவதைக் கார்லோஃப் விரும்பவில்லை. அது தவறு என்றே கருதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசிய பிறகு அதைப் பார்த்துப் பயந்துவிட்டு மட்டும் நாம் எழுந்து போய்விட முடியாது. பதில் சொல்லியாக வேண்டும். கிடைத்த பேச்சும் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். 1939இல் வந்த ‘பிராங்கன்ஸ்டைனின் மகன்’ படத்தில் பிறவி மறுபடி ஊமை.

இனி மணமகள். நாவலில் விக்டர் பெண் பிறவியைப் பாதி செய்தபோதே கிழித்தெறிந்துவிடுகிறான். அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று கவனிக்க வேண்டியது: தான் பிறக்கும் முன்பே பிறர் போட்ட ஒப்பந்தத்திற்கு அவள் உடன்பட மறுத்துவிட்டால்? படம் அவளைச் செய்து முடித்து, அந்தப் பயத்தை நிஜமாக்குகிறது. மேரியாக வந்த எல்சா லான்செஸ்டரே மணமகளாகவும் வருகிறார். திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. தோழமையோடு நீளும் கையைப் பார்த்து அலறுகிறாள்; சீறுகிறாள். இரண்டு விஞ்ஞானிகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடித்த கல்யாணத்தில் அவளுக்கு மிஞ்சியது அந்த அலறல் மட்டும்தான்.

அவள் மறுத்ததும் பிறவி என்ன செய்கிறது? ஹென்றியையும் (படத்தில் விக்டருக்கு இதுதான் பெயர்) எலிசபெத்தையும் தப்பிக்க விடுகிறது. ‘நாம்’ சாகவேண்டியவர்கள் என்று தீர்ப்பளித்து, மணமகளோடு சேர்த்துக் கோபுரத்தைத் தகர்க்கிறது. பலரும் கண்கலங்கும் காட்சி. நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ‘நாம்’ என்பதற்குள் அவளைச் சேர்த்தது யார்? சாகச் சம்மதமா என்று அவளிடம் எவன் கேட்டான்? வாய் மறுக்கப்பட்டிருந்தவன் வாய் கிடைத்ததும் இன்னொருத்திக்கும் சேர்த்தே பேசிவிடுகிறான். இதையும் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிறது என்பதாலேயே இரண்டாவது படம் முதலாவதைத் தாண்டிப் போகிறது. மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் ‘நாம்’ என்று எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்று சொல்லிவிட முடியுமா?