சாய்வெழுத்தின் பொருள்: யூனிக்ஸ் கையேடுகள் டாக்புக் வடிவம் பெற்றமை

1970களிலிருந்து யூனிக்ஸ் கையேடுகள் டிராஃப் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்குரிய குறிகளுடன் எழுதப்பட்டன. தடித்த எழுத்து, சாய்வெழுத்து என அக்குறிகள் பெரும்பாலும் தோற்றத்தையே உரைத்தன. யூனிக்ஸ் ஆவணங்களை நிறுவனங்கள் தம்முள் பரிமாறிக்கொள்ளும்பொருட்டு 1991இல் ஹால் கணினி நிறுவனமும் ஓரெய்லி பதிப்பகமும் தொடங்கிய டாக்புக்கோ, ஒரு சொல் கட்டளையா, கோப்புப் பெயரா என அதன் பொருளைக் குறிக்கக் கோரியது.

இடர் இங்கேதான் எழுந்தது. பழைய கோப்பில் சாய்ந்து நிற்கும் சொல் கோப்புப் பெயராகலாம். பயனர் நிரப்ப வேண்டிய இடமாகலாம். வெறும் அழுத்தமாகவும் இருக்கலாம். எழுதியவர் அறிந்திருந்த அவ்வேறுபாடு கோப்பில் பதிவாகவே இல்லை. எரிக் ரேமண்டின் டாக்லிஃப்டர் நிரல், கையேட்டின் தொடக்கத்திலுள்ள கட்டளை அமைப்பைப் பகுத்தும் சூழலை நோக்கியும் அதனை ஊகித்தது. மீட்டது என்பது மிகையாகும். பி.எஸ்.டி. மரபின் எம்டாக் குறிகள் முன்பே பொருளைச் சுட்டியமையால், அக்கையேடுகளுக்கு இவ்வூகம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.